சாமைப் பொட்டலத்துக் குடும்பம்

மாதையனுக்குப் பிள்ளை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் சென்னையில் எத்தனையோ வீட்டுச் சமையலறைகளில் அவனுக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறது. சந்தேகமாக இருந்தால் அரைக்கிலோ சாமை அரிசிப் பொட்டலத்தின் முன்பக்கத்தைப் பாருங்கள். தலைப்பாகை கட்டிக்கொண்டு, மேல்சட்டை இல்லாமல் நிற்பவன் மாதையன். பக்கத்தில் அவன் மனைவி கெங்கம்மாள். அவள் இடுப்பில் இருப்பது அடுத்த வீட்டு அன்பரசியின் ஆறு மாதக் குழந்தை. அடியில் பச்சை எழுத்தில் 'வம்சம் தழைக்க மலை உணவு' என்று போட்டிருக்கும்.

நான் துரைக்கண்ணு. மலைமேல் நெல்லிவாசலில் ஜீப் நிற்கிற இடத்தில் டீக்கடை வைத்திருக்கிறேன். வாய் நீளம் என்று ஊரில் எனக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பேரில் பொய் ஒன்றும் இல்லை.

ஆலங்காயத்துக்காரர் கோகுல்ராஜ் எங்கள் மலையில் சாமை வாங்கி, இங்கேயே ஒரு ஷெட் போட்டுப் பொட்டலம் கட்டி அனுப்புகிறார். மாதையன் அந்த ஷெட்டில் பிளாஸ்டிக் கவரின் வாயைச் சூடு வைத்து ஒட்டுகிற மிஷினில் வேலை செய்கிறான். நாலு வருடத்துக்கு முன்னால் படம் எடுக்க வந்த ஆள், மாதையனின் கட்டம் போட்ட சட்டையைக் கழற்றச் சொன்னான். தலைப்பாகை கட்டச் சொன்னான். மலையில் இப்போது எவன் தலைப்பாகை கட்டுகிறான்? என் கடையில் டம்ளர் துடைக்கிற துண்டைத்தான் உதறிக் கொடுத்தேன். அது போதாதென்று, கையில் ஒரு குழந்தை இருந்தால் எடுப்பாக இருக்கும் என்றான். கல்யாணமாகி அப்போதே அவர்களுக்கு ஐந்து வருடம். கெங்கம்மாள் அன்பரசியிடம் போய்க் குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

படம் நன்றாகவே வந்தது. கெங்கம்மாள் ஒரு காலிக் கவரைக் கழுவித் துடைத்து, வீட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் செருகி வைத்தாள். என் மனைவி மங்கம்மாள் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். கேட்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

அந்தச் சாமையை மாதையன் சாப்பிடுகிறானா என்று நீங்கள் கேட்கக்கூடும். சாமையை விற்றுவிட்டு ரேஷன் அரிசி தின்பவர்கள் நாங்கள். இயற்கை உணவு எங்களுக்குக் கட்டுப்படியாகாது. மத்தியானச் சோற்றுக்குக் குழம்பு என் கடையிலிருந்து கவரில் போகும். டீயும் அப்படித்தான், ஒரு நாளைக்கு நாலு வேளை. கொதிக்கக் கொதிக்க ஊற்றி, நூல் சுற்றி, ஒரு சொட்டு சிந்தாமல் கட்டுவேன். அந்தக் கட்டில் இந்த மலையில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மாதையன் கவரின் மூலையைப் பல்லால் கடித்து ஓட்டை போட்டு அப்படியே உறிஞ்சுவான்.

ஒன்பது வருடமாகியும் பிள்ளை இல்லை என்றால் ஊர் யாரைப் பேசும்? கெங்கம்மாளைத்தான் பேசியது. மாதையனைப் பேச எப்படி வாய் வரும்? பொட்டலத்தின் மேலேயே ஆள் நிற்கிறான். அவனுடைய தாய்மாமன் தீர்த்தகிரி தன் கடைசிப் பெண்ணை இரண்டாம் தாரமாகக் கொடுப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கெங்கம்மாள் தாய் வீட்டுக்குப் போகலாம், அல்லது இருந்து இரண்டு பேருக்கும் ஆக்கிப் போடலாம் என்று ஏற்பாடு. அந்தப் பெண்ணை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திருப்பத்தூரில் படிக்கப் போகிறேன் என்று சொல்லியிருப்பாள்.

போன ஐப்பசியில் கெங்கம்மாள் பிடிவாதம் பிடித்து மாதையனை வேலூருக்கு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அங்கே நடந்ததை மங்கம்மாளிடம் சொன்னாள். மங்கம்மாள் என்னிடம் சொல்லி, வாயைத் திறந்தால் சோறு கிடையாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

காத்திருக்கிற இடத்தில் பக்கத்தில் இருந்த ஒரு பெண் பையிலிருந்து அந்தப் பொட்டலத்தையே எடுத்திருக்கிறாள்.

"இதக் கஞ்சி வெச்சிக் குடிங்கக்கா. மலைக்காரங்க பாருங்க, இன்னா தெம்பா கீறாங்க. கொழந்தையும் எவ்ளோ அழகு."

கெங்கம்மாள் படத்தைப் பார்த்தாள். சட்டை போட்டு, தலை வாரிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாதையனைப் பார்த்தாள்.

"ஆமா, கொழந்த நல்லாத்தான் கீது" என்றாளாம்.

டாக்டர் ரேணுகாதேவி இரண்டு பேரையும் சோதித்தார். கெங்கம்மாளிடம் ஒரு குறையும் இல்லை. மாதையனுக்கு அணுக்கள் குறைவு. மருந்து எழுதிக் கொடுத்து, என்ன வேலை, என்ன சாப்பாடு என்று விசாரித்தார். மிஷின் புகையையும் கவர் டீயையும் கேட்டதும் பேனாவை மூடினார்.

"இதனாலதான்னு அடிச்சிச் சொல்ல மாட்டேன். பிளாஸ்டிக் தூள் ஆம்பளைங்க உடம்புல அங்கயும் கீதுன்னு கண்டுபுடிச்சிட்டாங்க. அது இன்னா பண்ணுதுன்னு இன்னும் பாத்துக்கிட்டு இருக்காங்க. அவங்க பாத்து முடிக்கிற வரைக்கும் நீங்க சுடச்சுடக் கவர்ல குடிச்சிக் காட்டணும்னு இல்ல. பாத்திரத்துல வாங்குங்க. உங்க மலையிலயே சாமை வெளையுது இல்ல? அதச் சாப்பிடுங்க."

விளைகிற சாமையைச் சாப்பிடு என்று சொல்ல ஒரு டாக்டர் வேண்டியிருந்தது.

ஊருக்குத் திரும்பியும் மாதையன் யாரிடமும் மூச்சு விடவில்லை. கெங்கம்மாளும் விடவில்லை. "அவரு வாயால வரட்டும்க்கா. நான் சொன்னா, தப்பிச்சிக்கச் சொல்றேன்னு பேசுவாங்க" என்று மங்கம்மாளிடம் சொல்லிவிட்டாள். அவன் வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் அவள் வீடு அவளுக்கு. சொல்லாவிட்டால் தை மாதம் மாமன் பெண்ணுக்குத் தாம்பூலம். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் தலையைக் குனிந்தபடியே திரிந்தான்.

ஆனால் மாதையன் கையில் என் கடைக்கு ஒரு எவர்சில்வர் தூக்கு மட்டும் வந்துவிட்டது.

"இதுல ஊத்துங்கண்ணா."

"ஏன், என் கவர்ல விஷமா கீது?"

மூடியைத் திறந்து நீட்டினான். காரணம் எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் வந்தது. பத்து வருடமாக ஆசையாகக் கட்டிக் கொடுத்தவனுக்கு, உன் கட்டுதான் என் குடியைக் கெடுத்தது என்று முகத்துக்கு நேரே தூக்கை நீட்டினால் எப்படி இருக்கும்? காலணாவுக்கும் பெறாத கோபம்தான். இருந்தாலும் கோபம்.

தை பிறந்து நாலாம் நாள் தீர்த்தகிரி வெற்றிலை பாக்கு, பழத்தோடு ஜீப்பில் வந்து இறங்கி என் கடை பெஞ்சில் உட்கார்ந்தார். மாதையனும் கெங்கம்மாளும் அவரை வீட்டுக்கு அழைத்துப் போக வந்து நின்றார்கள். அவள் கையில் டீ வாங்கத் தூக்கு இருந்தது. தன் இடத்துக்கு இன்னொருத்தியைக் கொண்டு வருகிறவருக்கு அவளே டீ வாங்க வந்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்து கோகுல்ராஜின் வேன் வந்தது. பொட்டலம் வாங்குகிறவர்களுக்கு மலையைச் சுற்றிக் காட்ட அழைத்து வருவது அவருடைய புதுப் பழக்கம். இறங்கியவர்கள் சென்னைத் தம்பதி, பார்த்திபனும் சரிதாவும். சரிதா பையில் தடிமனான ஒரு ஃபைல் இருந்தது. அவள் மாதையனைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"நீங்கதானே அண்ணா அது? ஆறு வருஷமா எல்லா டெஸ்ட்டும் எடுத்துட்டேன். எனக்கு ஒண்ணும் இல்லேன்றாங்க. நீங்க எப்படிச் சாப்பிடுறீங்கன்னு சொல்லுங்க. உங்க குழந்தையையும் பார்க்கணும்."

கோகுல்ராஜ் முந்திக்கொண்டார். "கொழந்த வெளையாடப் போயிருக்கும் மேடம். அண்ணன் ரெண்டு வேளையும் சாமைதான். சொல்லுங்கண்ணா."

மாதையன் தரையைப் பார்த்தான். தூக்குக் கோபம் எனக்குள் சும்மா இருக்குமா? நூலை அறுத்தபடியே கேட்டேன்.

"சொல்லுப்பா மாதையா, ரகசியத்த. மெட்ராஸ்லருந்து வந்து கேக்குறாங்க இல்ல?"

மங்கம்மாள் அடுப்படியிலிருந்து என்னை முறைத்தாள். மாதையன் நிமிர்ந்து முதலில் என்னைப் பார்த்தான், பிறகு மாமனின் மடியில் இருந்த வெற்றிலைத் தட்டைப் பார்த்தான்.

"எனக்குப் புள்ள இல்லீங்க. அது பக்கத்து வூட்டுப் புள்ள. டாக்டராண்ட போய்ட்டு வந்தோம். கொற என்கிட்டதான். இவகிட்ட ஒண்ணியும் இல்ல."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. நான் கவனிக்கவில்லை. கோகுல்ராஜ் முகத்தில் ஈயாடவில்லை. தீர்த்தகிரிதான் முதலில் பேசினார்.

"இன்னா மாப்ள, ஆம்பள பேசற பேச்சா இது?"

"ஆமா மாமா. ரெண்டு மாசமா பேசாம இருந்ததுதான் தப்பு. உன் பொண்ணக் கட்டினாலும் இதே கததான். அது படிக்கட்டும்."

அவர் தட்டைப் பார்த்தார். ஒரு வெற்றிலையை எடுத்துத் தானே போட்டுக்கொண்டு, மிச்சத்தைத் துண்டில் முடிந்து, வந்த ஜீப்பிலேயே ஏறிவிட்டார். பழத்தையும் விடவில்லை.

சரிதா இப்போது மாதையனைப் பார்க்கவில்லை, தன் கணவனைப் பார்த்தாள். அந்தத் தடி ஃபைலில் அவன் பேரில் ஒரு காகிதம்கூட இருந்திருக்காது என்பது எனக்கே புரிந்தது. பார்த்திபன் கொஞ்ச நேரம் செருப்பால் மண்ணைக் கிளறினான்.

"எந்த டாக்டர்ங்க?" என்று மெதுவாகக் கேட்டான்.

அந்தப் பொட்டலத்தால் ஒரு குடும்பத்துக்கு உருப்படியாக ஏதாவது நடந்ததென்றால் அது அன்றைக்குத்தான்.

கெங்கம்மாள் அழவில்லை. தூக்கை என் முன்னால் வைத்தாள். "ரெண்டு டீ ஊத்துங்கண்ணா. மாமா போய்ட்டாரு, மூணு வாணாம்." நான் வாயை மூடிக்கொண்டு ஊற்றினேன். நாலு டீக்குப் பால் விட்டேன்.

கோகுல்ராஜ் மாதையனை வேலையை விட்டு நிறுத்தவில்லை, மிஷினிலிருந்து மூட்டை தூக்கும் பக்கம் மாற்றினார். படத்தைத்தான் மாற்ற முடியாது என்றார். இரண்டு வருடத்துக்குக் கவர் அடித்துவிட்டாராம். மருந்து நடக்கிறது. வீட்டில் வாரத்துக்கு நாலு நாள் சாமைச் சோறு. பிள்ளை பிறக்குமா என்று கேட்டால், டாக்டருக்கே தெரியாததை டீக்கடைக்காரன் எப்படிச் சொல்வது? நான் சூடானதைக் கவரில் கட்டுவதை விட்டுவிட்டேன். கை இன்னும் நூலைத் தேடுகிறது.

தீர்த்தகிரி தட்டோடு திரும்பிப் போன மறுநாள் காலையில் கெங்கம்மாள் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த கவரை எடுத்துக்கொண்டு அன்பரசி வீட்டுக்குப் போனாள். மங்கம்மாளும் அங்கே இருந்தாள்.

"இந்தா, உன் பொண்ணு போட்டோ. நீயே வெச்சுக்க."

"ஏன்க்கா? உன்னாண்டயே இருக்கட்டும்."

"வாணாம். அவரு என்னியக் காப்பாத்திட்டாரு. இனிமே எனக்கு இரவல் புள்ள இன்னாத்துக்கு?"