வெந்நீர் பட்ட கறை

என் எழுத்து கோணலாக இருக்கும். எந்த இடத்தில் எந்த ‘ர’ என்று இன்றும் தடுமாறுவேன். ஐந்தாவதோடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொலை, தற்கொலை நடந்த வீடுகளைக் கழுவித் தருவது என் வேலை. காஞ்சிபுரத்தில் இதற்கு என்னைத்தான் தேடி வருவார்கள். யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசமாட்டேன். வேலை முடிந்ததும் வாளியோடு கிளம்பிவிடுவேன்.

என் தங்கை இறந்த பன்னிரண்டாம் நாள் அவள் புருஷன் போன் செய்தான். நெய்கிறவர் கால் வைக்கிற தறிக்குழியில் வழுக்கி விழுந்து மண்டை உடைந்துவிட்டது என்று போலீசில் சொல்லி, விபத்தாகவே முடித்திருந்தான்.

"மச்சான், உன் தொழில்தானே இது. வெளியாளக் கூப்ட்டா தெருவே பேசும்பா."

போனேன். அடுப்படி வாசலில் தாம்பாளம் அளவுக்குக் கறை, சிமென்ட்டில் பழுப்பாக ஊறியிருந்தது.

"குழிலேர்ந்து தூக்கியாந்து இங்கதான் படுக்க வெச்சோம்" என்றான்.

அவன் அம்மா பின்னால் நின்றாள். "எவ்ளோ தேச்சும் போவல தம்பி. சோப்பு, சோடா போட்டு கொதிக்கக் கொதிக்க ஊத்தினேன்."

பட்டு நூலின் பசை போக அப்படித்தான் கொதிக்க வைப்பார்கள். பழகிய கை. ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். வெந்நீர் பட்டால் வெந்து பிடித்துக்கொள்ளும்.

தறிக்குழிக்குள் இறங்கி டார்ச் அடித்தேன். மிதிக்கட்டையில் பழைய நூல்தூசி கலையாமல் கிடந்தது. யாரும் கழுவிய தடம் இல்லை. ஒரு சொட்டு ரத்தமும் இல்லை.

"இன்னா மச்சான், பாத்துக்கினே நிக்கிற? உன் தங்கச்சி மாதிரியே மந்தம்பா நீ" என்று சிரித்தான்.

"ஆசிட் வாங்கியாரேன்" என்று சொல்லிவிட்டு நேரே ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் முன்னால் தரையைப் பார்த்தபடியே நின்றேன். கறை இருக்கும் இடத்தையும் குழி இருக்கும் நிலையையும் எப்படியோ சொல்லி முடித்தேன். அன்றே வந்து கறையில் கொஞ்சம் சுரண்டி எடுத்துப்போனார்கள். அடுப்படிச் சுவரில் அவள் தலையை மோதிக் கொன்றதை மறுநாள் அவனே ஒப்புக்கொண்டான். இப்போது உள்ளே இருக்கிறான். அது எனக்குப் போதவில்லை.

நேற்று அவன் அம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"சோறாக்கப் போனா அதத்தான் தாண்ட வேண்டியிருக்குது தம்பி. அத மட்டும் எடுத்துடேன். உன்னால ஆவாதா?"

ஆகும். இரண்டு நாள் ஊறவைத்தால் எடுக்கிற பொடி என் பையிலேயே இருக்கிறது. முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்துப் பேசினேன்.

"ஆவும்மா. செய்யமாட்டேன். சுடுதண்ணி ஊத்தினது உன் கைதானே? தாண்டிக்கினே சோறாக்கு."

இதை எழுதி முடித்தது என் தங்கையின் வருஷ திதியன்று. ஆடி 21, வெள்ளிக்கிழமை.