சூடம் அணைத்த ஊர்

ஆவுடையார்கோவில் போகும் பஸ் பஞ்சராகி நிற்கிறது. ரோட்டோர டீக்கடையைப் படம் எடுக்கப் போனைத் தூக்குகிறேன்.

"போட்டோ வேணாங்க" என்கிறார் டீ ஆற்றும் அக்கா. பெயர் மறைத்த ஒரு ஃபேஸ்புக் பக்கத்தில் யாரோ அவர் மகளைப் பற்றித் தப்பாக எழுதியதில், நிச்சயித்த கல்யாணம் நின்றுவிட்டதாம். நேற்று அய்யனார் கோயிலில் வீட்டுக்கு ஒருவர் எரியும் சூடத்தைக் கையால் அணைத்து, தாங்கள் எழுதவில்லை என்று சத்தியம் செய்திருக்கிறார்கள்.

"யாருன்னு தெரிஞ்சுதா?"

"எல்லாருமே அணைச்சுட்டாங்க."

தன் போனை நீட்டுகிறார். இன்று காலை அதே பக்கத்தில், சன்னதியில் நின்று அவர் அழும் படம். அதன் கீழே சிரிக்கும் பொம்மைகள்.

"எனக்கு நேரா நின்னு எடுத்துருக்காங்க பாருங்க. என்னைமாரி பிராது குடுத்தவங்களோட சன்னதிக்குள்ள அவங்க பங்காளிங்க மட்டும்தான் நிப்பாங்க. அதாங்க வழக்கம்."

பெஞ்சில் நான்கு பேர் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள்.

"இவங்க யாருங்க?"

"பங்காளிங்கதான்" என்கிறார். நான்கு டீயைத் தட்டில் எடுத்துக்கொண்டு அவர்களிடம் போகிறார்.