நான் ஒளிச்ச வல்லாரைச் சம்பல்

நான் ஹார்பரில மூட்டை தூக்கினவன், படிப்பில்லை. மனிசிக்கு இதய வால்வு மாத்தினாப் பிறகு, ரத்தம் உறையாம இருக்கக் குளிசை குடுக்கிறவை. கீரையில வைட்டமின் எண்டு கேள்விப்பட்டு, கொட்டாஞ்சேனைச் சந்தையில வல்லாரை வாங்கி நாளும் சம்பல் போட்டுக் குடுத்தன்.

கிளினிக்கில ரத்தம் தடிச்சுப் போச்செண்டு, "ஐயா, சாப்பாட்டில ஏதும் மாத்தினீங்களோ?" எண்டு நர்ஸ் கேட்டா. கைவைத்தியம் எண்டு ஏசுவா எண்ட பயத்தில "இல்லை பிள்ளை" எண்டிட்டன். குளிசையைக் கூட்டினவை.

அடுத்த கிழமை அடை மழை, எங்கட கலியாணத்தண்டும் இப்பிடித்தான். சந்தைக்குக் கீரை வரேல்லை. ஒரு காலமை பாத்தா மனிசியின்ர பல்முரசால ரத்தம் வடிஞ்சு தலகாணி எல்லாம் நனைஞ்சு கிடக்கு.

ஆஸ்பத்திரியில அழுதழுது உண்மையைச் சொன்னன். "கீரையில இருக்கிற வைட்டமின் கே ரத்தத்தை உறைய வைக்கும், ஐயா. கீரை நிண்டு போக, கூட்டின குளிசை அளவுக்கு மிஞ்சிப் போச்சு. கீரை சாப்பிடலாம், ஆனா ஒவ்வொரு நாளும் ஒரே அளவு" எண்டா டொக்டர்.

மனிசி தப்பிட்டா. இப்ப தேத்தண்ணிக் கோப்பையால அளந்துதான் கீரை குடுக்கிறன். "இஞ்சேருங்கோ, இதுவும் குளிசையோ?" எண்டு பகிடி பண்ணுறா. எனக்குச் சிரிப்பு வரேல்லை. கிளினிக்குக்கு அந்தக் கோப்பையையும் கொண்டு போறன். நர்ஸ் கேக்க முதலே எடுத்துக் காட்டுவன்.