ஆறாம் வகுப்புக்கு வைத்த வெற்றிலை

நான் ஐந்தாம் வகுப்போடு உப்பளத்துக்கு வந்துவிட்டவன். நாலு பேர் முன்னால் வாய் திறக்க இன்றைக்கும் கூச்சம்தான். எழுபதுகளின் நடுவில் எங்கள் பகுதிப் பள்ளியை நடுநிலைப் பள்ளியாக்க உத்தரவு வந்தது. ஆறாம் வகுப்பில் இருபது பிள்ளைகளாவது சேர வேண்டும். சேர்ந்திருந்தது பதினொன்று. அதில் என் மூத்த மகளும் ஒருத்தி. வகுப்பு அமையாவிட்டால் அவளும் என்னோடு அளத்துக்குத்தான் வர வேண்டும். டவுன் பள்ளிக்குத் தனியாக பஸ்ஸில் அனுப்ப அவள் அம்மா சம்மதிக்க மாட்டாள்.

தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை அதிகாரி வருகிறார், வீடு வீடாகப் போய் எல்லாரையும் அழைத்துவிடுங்கள் என்றார். அழைப்பு என்றால் எங்களுக்கு ஒன்றுதான் தெரியும். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, தோளில் துண்டு போட்டுக் கிளம்பினேன். தட்டு கையில் இருந்தால் அதிகம் பேச வேண்டாம் என்பது பெரிய ஆறுதல். திங்கட்கிழமை பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்தில், பிள்ளைகளோடு வாருங்கள் என்று மட்டும் ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன். ஒரு பெண் மட்டும், கைக்குழந்தையான என் சின்ன மகளுக்கு எத்தனை மாதம் என்று கேட்டாள். பதினொன்று என்றேன். எதற்குக் கேட்கிறாள் என்று யோசிக்கவில்லை.

திங்கட்கிழமை தெருவே திரண்டு வந்திருந்தது. பெண்கள் தலை நிறையப் பூ. கைகளில் பழத்தட்டு, குழந்தைச் சட்டை, வெள்ளிக் கொலுசுகூட. சின்னவளுக்குக் காதுகுத்து, வீட்டில் இடம் போதாமல் பள்ளிக்கூடத்தில் வைத்திருக்கிறேன் என்று எல்லாரும் முடிவு கட்டியிருந்தார்கள். பக்கத்து ஊரிலிருந்து என் மனைவியின் அண்ணனும் தன் மகளோடு வந்து நின்றார். அவருக்குச் செய்தி யாரோ சொல்லித்தான் தெரிந்திருக்கிறது.

"ஏன் மாப்ள, தாய்மாமன் மடியில்லாம எவன் மடியில வச்சுக் காது குத்தப் போறீரு?"

"காதுகுத்து இல்ல மச்சான். ஆறாங் கிளாஸு."

"ஆறாங் கிளாஸுக்கா வெத்தல வச்சீரு?"

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று. ஆனால் வெற்றிலையை எடுத்துக்கொண்டவர்களுக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சும்மா திரும்ப மனம் வரவில்லை. தலைமை ஆசிரியர் ஒவ்வொரு பெயராக எழுதினார். பத்தொன்பதில் நின்றது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மச்சான் மகள் முந்தின வருஷம் ஐந்தாவதோடு நின்றவள். நான் வீட்டுக்கு ஓடி, தட்டில் மிச்சமிருந்த வெற்றிலையை எடுத்து வந்து மச்சான் முன்னால் நீட்டினேன். அத்தனை பேர் பார்க்க நான் பேசியது அன்றைக்குத்தான்.

"ஒங்கள மொதல்ல அழைச்சிருக்கணும் மச்சான். தப்புதான். புள்ளையச் சேத்து விடுங்க. எங்க வீட்டுலயே இருந்து படிக்கட்டும்."

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வெற்றிலையை எடுத்தார்.

"எழுதுங்க சார். ஆனா நான் கம்மலோட வந்திருக்கேன். காது குத்தாமப் போக மாட்டேன்."

அதிகாரி போனதும் காது குத்தும் ஆசாரியைக் கூட்டி வந்தார்கள். ஆறாம் வகுப்பின் புது பெஞ்சில் மச்சான் உட்கார்ந்தார். அந்த வகுப்பிலிருந்து முதலில் வெளியே கேட்டது அவர் மடியில் என் சின்ன மகள் போட்ட சத்தம்தான்.