சேமக்காலைப் பூண்டு

யூலிற்றாவைச் சேமக்காலைக் காவல்காரி என்று கரையில் பகிடி பண்ணுவார்கள். பகிடியில் பிழை சொல்ல முடியாது. ஐந்து வயதில் காய்ச்சலில் போன மகள் நிதர்சனாவை முல்லைத்தீவுக் கரையில், வேதக்காரரின் இடுகாடான சேமக்காலை மணலில் புதைத்ததிலிருந்து, அந்தக் குழிமேல் பிறத்தியார் மண்வெட்டி படாமல் அவள் பார்த்துக்கொண்டாள்.

எல்லாம் ஒரு பூண்டுக்காக. முதல் மழையோடு மணலில் முளைத்து, நகத்தளவு ஊதாப் பூப் பூத்து, விதை உதிர்த்துவிட்டு, வெயில் ஏறச் செத்துப்போகும் பூண்டு. ஊரார் அதற்கொரு பெயர்கூட வைக்கவில்லை. ஒருகாலத்தில் கரை முழுக்கக் கிடந்ததாம். வீடு கட்ட மணல் அள்ளினார்கள், சவுக்கு நட்டார்கள். கடைசியில் சேமக்காலையில் மட்டும் மிஞ்சியது. அங்கேயும் நம்மவர்களின் பக்தி அதை விட்டுவைக்கவில்லை. நவம்பர் இரண்டாந் திகதி, இறந்தவர்களை நினைக்கிற ஆத்துமாக்கள் திருநாள். அதற்கு முதற்கிழமை ஊரே திரண்டு வந்து சேமக்காலையை மண்வெட்டியால் புல் செருக்கித் துப்புரவாக்கும். பூண்டு பூப்பதும் அந்தக் கிழமைதான். விதை விழ முதலே குப்பையாகிவிடும். இப்படியே செருக்கிச் செருக்கி, எண்பத்தொன்பதாம் ஆண்டு மாரிக்கு அது நிதர்சனாவின் குழிமேல் மட்டும்தான் நின்றது. மகள் ஆசைப்பட்டுப் பறிக்கிற பூ என்பதால், விதை விழுந்த பிறகே யூலிற்றா அந்தக் குழியில் கைவைப்பாள்.

தொண்ணூறில் சண்டை மூண்டு சனம் முள்ளியவளைக்கு ஓடியது. கரை இராணுவ முகாமாயிற்று. ஏழு வருடம் கழித்து, முகாம் இல்லாமல் போனபின் திரும்பி வந்து பார்த்தால், சேமக்காலை வெறும் மணல்வெளி. மரச்சிலுவைகளைக் கறையான் தின்றிருந்தது. மண்மேடுகளைக் காற்று வழித்திருந்தது. யார் எங்கே கிடக்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அது கோடை. யூலிற்றா பதறவில்லை. மழை வரட்டும், பூண்டு முளைக்கிற இடம்தான் பிள்ளையின் இடம் என்று கணவன் யாகப்புவிடம் சொன்னாள். எங்கே மெழுகுதிரி கொளுத்தினாலும் பிள்ளைக்குப் போய்ச்சேரும் என்று அவன் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. பெற்றவளுக்கு அந்த ஆறுதல் போதாது.

மழை பெய்தது. விடிந்ததும் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். முதல் முளையைக் கண்டதும் முழங்காலில் விழுந்து அதை முத்தமிட்டாள். மறுகிழமை அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்தது. பிறகு வேலியிலிருந்து வேலிவரை சேமக்காலை முழுக்க ஊதாவாயிற்று. செருக்க ஆளில்லாத ஏழு மாரியும் காற்று விதையை அள்ளிக்கொண்டு போயிருக்கிறது. அழியப் பார்த்த பூண்டைச் சண்டை காப்பாற்றிவிட்டது, அவளிடம் இருந்த ஒரே அடையாளத்தைப் பறித்துக்கொண்டு. மணலில் குந்தியிருந்து வாய்விட்டு அழுதாள்.

திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை, வழமையாகத் துப்புரவுக்கு முன்னிற்கிற வின்சன், மண்வெட்டிகளோடு ஆட்களைக் கூட்டிவந்தான். யூலிற்றா படலையை மறித்து நின்றாள்.

"வெட்டாதேங்கோ, வின்சன். எந்தப் பூவுக்குக் கீழ என்ர பிள்ளை கிடக்குதெண்டு எனக்குத் தெரியாது."

வின்சனின் தாயும் அந்த மணலில்தான் எங்கேயோ கிடந்தாள். அவன் தோளில் இருந்த மண்வெட்டியை இறக்காமலே திரும்பினான். மற்றவர்களும் அவன் பின்னால் போனார்கள்.

திருநாளன்று சனம் வேலியோரம் நின்று செபம் சொல்லி, அங்கேயே மெழுகுதிரிகளை ஊன்றியது. யூலிற்றா மட்டும், கொளுத்திய திரியை எங்கே ஊன்றுவதென்று தெரியாமல், அது விரலைச் சுடும்வரை பிடித்தபடி நின்றாள்.