பூரட்டாதிப் பிள்ளையும் என் பிளகின்களும்

எனக்குக் கோடிங் தெரியாது. ஜேர்மனியில், கெல்சென்கிர்ச்சனில் ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவும் மாட்டார்கள். ஆனால் எங்கள் அம்மன் கோவிலின் வெப்சைட் ஆறு வருடமாக என் கையில்தான் இருக்கிறது. நிர்வாகக் கூட்டத்தில் "ஆர் செய்யிறது?" என்று கேட்டார்கள். எல்லோரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் "நான் செய்யிறன்" என்றுவிட்டேன்.

உண்மையில் வேலை செய்தவை பிளகின்கள். வெப்சைட்டுக்கு ஏதாவது ஒரு வேலை தெரிய வேண்டுமென்றால், அதற்கென்று யாரோ எழுதி வைத்த சின்னப் புரோகிராமைத் தேடி எடுத்து 'நிறுவு' என்ற பட்டனை அழுத்தினால் போதும். அது வந்து தன் பாட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்ளும். பஞ்சாங்கத்துக்கு ஒன்று, திருவிழாப் படங்களுக்கு ஒன்று, குக்கி அனுமதி கேட்கும் பட்டைக்கு ஒன்று. அந்தப் பட்டை இல்லாமல் இந்த நாட்டில் அம்மனும் வெப்சைட் வைத்திருக்க முடியாது. கடைசியில் பிளகின்கள் இருபத்துமூன்று ஆகிவிட்டன. "அப்பா, கோவிலில சாமியளை விட உங்கட பிளகின் கூட" என்றாள் மகள். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. பிறகு எண்ணிப் பார்த்தேன், சரியாகத்தான் சொல்லியிருந்தாள்.

நான் பெருமைப்பட்டது அர்ச்சனைப் படிவத்தைப் பற்றித்தான். வெள்ளிக்கிழமைப் பூசைக்கு நேரில் வர முடியாதவர்கள் பெயரும் நட்சத்திரமும் சொல்லிவிட்டால், ஐயர் அவற்றை வாசித்து அர்ச்சனை செய்வார். முன்பெல்லாம் அதற்காக எனக்குத்தான் போன் வரும். ஃபோர்க்லிஃப்டின் மேல் இருக்கும்போது வரும், சாப்பிடும்போது வரும். ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டு அட்டைப் பெட்டியில் 'உத்திரட்டாதி' என்று எழுதியதை மேலாளர் பார்த்துவிட்டு, இது எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்டார். படிவத்துக்கான பிளகினைப் போட்ட பிறகு அந்தத் தொல்லை விட்டது. பெயர், நட்சத்திரம், ஊர், தேதி எல்லாம் தானாகவே ஒரு பட்டியலாக வந்துவிடும். வெள்ளிக்கிழமை மாலை அதை அச்செடுத்து ஐயரிடம் கொடுப்பேன்.

அப்படி எனக்குப் போன் எடுத்தவர்களில் லைப்சிக்கில் மகளோடு இருந்த ஒரு அக்காவும் உண்டு. எழுபது வயதைத் தாண்டியவர். முழங்கால் வருத்தம், அவ்வளவு தூரம் ரயிலில் வர முடியாது. ஒவ்வொரு வியாழக்கிழமையும் எடுத்து ஒரே விஷயத்தைத்தான் சொல்லுவார். மகனின் பெயர், பூரட்டாதி நட்சத்திரம். மகன் எங்கே இருக்கிறார் என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "சண்டை முடியிற நேரம் விசாரிக்கவெண்டு ஆமிக்காரர் பஸ்ஸில ஏத்திக்கொண்டு போனவை, தம்பி. இன்னும் விடேல்லை" என்றார். பெயரையும் பூரட்டாதியையும் எழுதிக்கொண்டு போனை வைத்தேன்.

ஆனாலும் படிவம் வந்ததும் முதலில் அவரைத்தான் அதன் பக்கம் தள்ளிவிட்டேன். "அக்கா, இனி எனக்கு எடுக்கத் தேவையில்லை. போனிலயே போடலாம், நான் சொல்லித் தாறன்" என்று அரை மணி நேரம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தேன். அந்தப் பொறுமைக்குக் காரணம் அவர் இனி எடுக்கமாட்டார் என்ற நிம்மதிதான், அதை ஒளிக்க என்ன இருக்கிறது. படிவத்தில் இரண்டு கட்டங்கள் வைத்திருந்தேன். உயிரோடு இருப்பவர்களுக்கு அர்ச்சனை, இல்லாதவர்களுக்கு மோட்ச விளக்கு. "நான் முதலாவதைத்தானே அமத்த வேணும்?" என்று அவர் இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். கொஞ்ச நாளில் நன்றாகப் பழகிவிட்டார். வியாழன்தோறும் அவருடைய வரி மற்றவர்களுக்கு முன்னால் வந்து நிற்கும்.

பிறகு குப்பை வரத் தொடங்கியது. சூதாட்ட விளம்பரம், மெலிவதற்கு மருந்து, எனக்குத் தெரியாத எழுத்தில் எதையெதையோ. ஒரு நாள் அச்செடுத்த பட்டியலில் ஒரு சூதாட்டக் கம்பனியின் பெயர் நட்சத்திரத்தோடு வந்திருந்தது. நல்ல வேளை, ஐயர் வாசிக்குமுன் கண்டுவிட்டேன். எனக்குத் தலைகால் தெரியாத கோபம். அன்றே குப்பையைப் பிடிக்கும் பிளகின் ஒன்றை நிறுவினேன். 'மிதமான', 'கடுமையான', 'மிகக் கடுமையான' என்று மூன்று நிலை இருந்தது. நான் கடைசியைத் தேர்ந்தெடுத்தேன். பிடித்ததை ஏழு நாளில் தானாக அழித்துவிடு என்றும் குறித்துவிட்டேன். அடுத்த நாளே பட்டியல் சுத்தமாகிவிட்டது. கூட்டத்தில் அதைச் சொல்லிக் கைதட்டும் வாங்கினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிந்து விபூதி தந்துகொண்டிருந்த ஐயர், என் முறை வந்ததும் கையை நிறுத்தினார்.

"தம்பி, அந்தப் பூரட்டாதிப் பிள்ளை இப்ப வாறதில்லை, என்ன?"

"எந்தப் பூரட்டாதி, ஐயா?"

"லைப்சிக்கில இருந்து வாற பேர். நானும் கொஞ்ச நாளாப் பாக்கிறன். தாய்க்கு ஏதும் சுகமில்லையோ?"

விபூதியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வாகனத் தரிப்பிடத்திலேயே காரில் இருந்தபடி போனில் வெப்சைட்டின் உட்பக்கத்தைத் திறந்தேன். குப்பைத் தொட்டியில், மெலிகிற மருந்துக்கும் சூதாட்டத்துக்கும் நடுவில், அவருடைய வரி இருந்தது. பக்கத்தில் காரணமும் போட்டிருந்தது: ஒரே இடத்திலிருந்து ஒரே வாசகம் திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டுள்ளது. பழையவை அழிந்துவிட்டன. பிடித்த தேதிகள் மட்டும் மிஞ்சியிருந்தன. எட்டு வியாழக்கிழமைகள். எட்டுத் தடவையும் அவருக்குப் பச்சை அடையாளத்தோடு 'உங்கள் அர்ச்சனை பதிவாகிவிட்டது' என்று காட்டியிருக்கிறது. அந்த வசனத்தைத் தமிழில் எழுதிப் போட்டவன் நான்தான்.

வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. ஊரில் தேடியவர்கள் ஓய்ந்துவிட்டார்கள், எழுதிய மனுக்களுக்குப் பதில் இல்லை. அந்தப் பிள்ளையை இருக்கிறவனாக நினைத்து ஒருவர் பெயர் சொல்லும் இடம் இது ஒன்றுதான் என்று அந்தத் தாய் நம்பிக்கொண்டிருக்கிறார். அதையும் நான் நிறுத்திவிட்டேன், எட்டுக் கிழமையாக. சொல்லாமல் விட்டால் அவருக்குத் தெரியவே வராது. இரண்டு நாள் அப்படியே விட்டுவிடத்தான் நினைத்தேன். மூன்றாம் நாள் வேலை முடிந்து வந்து அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

முழுவதையும் சொன்னேன்.

"எட்டுக் கிழமையோ?" என்றார் கடைசியில்.

"ஓம், அக்கா. என்ர பிழைதான்."

"ஐயர் வாசிக்கவே இல்லையோ?"

"இல்லை, அக்கா."

திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் திட்டாததைத் தாங்க முடியாமல், எனக்குத் தெரிந்த ஒரே பாஷையில் பேசத் தொடங்கினேன். "அது மெசின்தானே, அக்கா, அதுக்கு விளங்காது. ஒவ்வொரு கிழமையும் ஒரே மாதிரி எழுதினால் விளம்பரமெண்டு நினைச்சுப்போடும். நீங்கள் இனிப் போடேக்குள்ள கொஞ்சம் மாத்தி மாத்தி எழுதினால் பிடிக்காது."

"மாத்தியோ?"

"ஓம், அக்கா. வேற ஏதாவது சேத்து."

"வேற என்னத்தைத் தம்பி எழுதுறது?" என்றார். குரலில் கோபம் இல்லை, உண்மையாகவே என்னிடம் கேட்டார். "என்னட்டை அவன்ர பேரும் நட்சத்திரமும்தானே இருக்கு."

இந்த வெள்ளிக்கிழமை ஐயர் கட்டாயம் வாசிப்பார் என்று மட்டும் சொன்னேன். போனை வைத்ததும் கணினியைத் திறந்து அந்தப் பிளகினை நீக்கினேன். இதை உறுதியாக நீக்க வேண்டுமா என்று அது கேட்டது. ஆம் என்று அழுத்தினேன்.

அன்று முதல் சூதாட்டக்காரர்களும் மருந்து விற்பவர்களும் மறுபடி வருகிறார்கள். வரட்டும். ஒவ்வொன்றாகத் திறந்து வாசித்துப் பார்த்துத்தான் அழிக்கிறேன்.