கழித்துக்கொள்ளக் கூடிய ஒரே வரி

வரிப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறவளிடம் ஆட்கள் உண்மையைச் சொல்வது தங்களுக்கு வேறு வழியில்லாதபோது மட்டும்தான்.

ஜெர்மனியில், கொலோன் நகரில், ஒரு ஜெர்மன்காரியின் வரி ஆலோசனைக் கந்தோரில் பதினாறு வருடமாக வேலை செய்கிறேன். தமிழ் பேசுகிறவர்கள் எல்லோரும் என் மேசைக்கு அனுப்பப்படுவார்கள். இந்த நாட்டில் கிறிஸ்தவ சபைக்காரர் என்று பதிந்திருந்தால் சம்பளத்தில் மாதாமாதம் தேவாலய வரி பிடிப்பார்கள். வருமான வரி கணக்கிடும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம். என்னிடம் வருகிற சாதாரணச் சம்பளக்காரருக்குக் கழிக்கக் கிடைக்கிற வரி அது ஒன்றுதான். அதனால் கடவுளைப் பற்றி என் மேசையில் நடந்த பேரம் எந்தச் சந்தையிலும் நடந்திராது. இதே தொழிலில் கிடந்து அவதிப்படுகிறவர்களே, உங்களிடமும் இப்படிக் கதைகள் இருக்கும். என்னுடையதைக் கேளுங்கள்.

இரண்டு எழுத்து

சிவகுமாரண்ணைக்கு ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை. நெற்றியில் திருநீறு இல்லாமல் நான் அவரைக் கண்டதில்லை. முதல்முறை வந்தபோது அவருடைய சம்பளச் சான்றிதழைப் பார்த்தேன். மதம் என்ற இடத்தில் ‘rk’ என்று இருந்தது. ரோமன் கத்தோலிக்கர். அகதி முகாமில் பதியும்போது யாரோ அவசரத்தில் எழுதியது, இருபது வருடத்துக்கு மேலாக அப்படியே கிடந்திருக்கிறது. மாதாமாதம் தேவாலய வரியும் போயிருக்கிறது. கேட்டால், அந்த இரண்டு எழுத்தும் ரென்ரன்காஸ்ஸ, அதாவது ஓய்வூதிய நிதி, என்று நினைத்தாராம். வயதான காலத்துக்குச் சேருகிறது என்று சந்தோசமாக இருந்திருக்கிறார். இருபது வருடமாக ஒரு கடதாசியைக்கூட ஒழுங்காக வாசிக்காத மனிதர், என் முன்னால் அரசாங்கத்தை மட்டும் வாய் நிறையத் திட்டினார்.

கத்தோலிக்க ஆயரின் மறைமாவட்டத்துக்கு நான் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினேன். ஞானஸ்நானம் பெற்றதற்கு அத்தாட்சி அவர்களிடமும் இல்லை, பெறாததற்கு அத்தாட்சி இவரிடமும் இல்லை. எட்டு மாதம் இழுத்துவிட்டு, கடைசிச் சில வருடங்களுக்கு உரியதை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். அண்ணை லட்டுப் பெட்டியோடு வந்தார். அடுத்த வருடம் அவர் வந்தபோது விசயத்தைச் சொன்னேன். முன்பு கழித்த வரி திரும்பி வந்துவிட்டால், வந்ததை வருமானத்தோடு கூட்டி எழுதவேண்டும். லட்டு கொடுத்த அதே முகம் சுருங்கிப் போனது.

“பிள்ளை, நான் சேராத மதத்தில இருந்து வெளியில வந்ததுக்கும் வரியோ?”

நாயின் பங்கு

சென்னையிலிருந்து ஒரு மென்பொருள் பொறியாளர். இங்கே வருவதற்கு முன் அமெரிக்காவில் இருந்தவர். அங்கே மாநிலத்துக்கும் ஊருக்கும் கட்டிய வரியை மத்திய அரசின் படிவத்தில் கழிக்கலாமாம், இங்கே ஏன் கழிக்க முடியாது என்று ஒரு மணிநேரம் என்னை விசாரித்தார். ஜெர்மனியில் வருமான வரி ஒன்றுதான், அதை மத்திய அரசும் மாநிலமும் ஊரும் தங்களுக்குள் பங்கிடும், தனியாக மாநில வரி என்று நீங்கள் எதுவும் கட்டவில்லை என்று சொன்னேன். அவருக்கு என் பதினாறு வருடத்தைவிட கைபேசியில் பார்த்த காணொளியில்தான் நம்பிக்கை.

ஊருக்குத் தான் கட்டுகிற ஒரே வரி என்று கடைசியில் ஒரு ரசீதை எடுத்து வைத்தார். நாய் வரி. வீட்டில் செல்லமாக வளர்க்கிற நாய்க்குக் கட்டுவதைக் கழிக்க முடியாது, தொழிலுக்குக் காவல் நிற்கிற நாயென்றால் பார்க்கலாம் என்றேன். படத்தைக் காட்டினார். பூனை அளவு, கழுத்தில் நீல நாடா.

“ஓகே மேடம், வொர்க் ஃப்ரம் ஹோம்ல அது என் லேப்டாப்பைக் காவல் காக்குதுன்னு போட்டுடலாமா?”

வசந்தத்தில் விசுவாசம்

ஒரு கடைக்காரர் வரி மிச்சம் பிடிக்க நீதிமன்றத்தில் கையெழுத்திட்டு சபையிலிருந்து விலகினார். அடுத்த வசந்தத்தில் மகளுக்குத் தேவாலயத்தில் முதல் நன்மைச் சடங்கு. தான் இன்னும் தேவாலய வரி கட்டுவதாகப் பாதிரியாரிடம் காட்ட ஒரு கடிதம் தரச்சொல்லி என்னிடம் வந்து நின்றார். மாட்டேன் என்றேன். நீயெல்லாம் ஒரு தமிழச்சியா என்று கத்திவிட்டுப் போனார். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த முதலாளியம்மாவுக்கு நடந்ததைச் சொன்னேன். கோப்பியை ஒரு மிடறு குடித்தார்.

“வரிக்குச் சபை வேண்டாம், விழாவுக்கு மட்டும் வேண்டும். இவருக்கு இனிக் குடியுரிமைப் பரீட்சை தேவையில்லை, முழு ஜெர்மன்காரர் ஆகிவிட்டார்.”

பென்சில் புள்ளடி

பற்றிமா அக்கா மன்னார்க்காரி. முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை. கணவர் சூசையண்ணை பஸ் சாரதி. திருநாளில் மாதா சொரூபத்துக்கு முன்தோள் கொடுப்பவர் அவர்தான். ஒன்பது வருடத்துக்கு முன் தனியாக வந்து, சபையிலிருந்து விலகிய கடதாசியை என் மேசையில் வைத்தார். மனுசிக்குத் தெரியவேண்டாம் என்றார். இருவருக்கும் ஒரே படிவம். அக்காவின் பெயருக்குக் கீழே தேவாலய வரி இருக்கும், அவருடைய பெயருக்குக் கீழே வெறுமை. நான் ஒவ்வொரு வருடமும் கடைசிப் பக்கத்தை மட்டும் திருப்பி, பென்சிலால் பெருக்கல் குறிபோல ஒரு புள்ளடி போட்டுக் கொடுப்பேன். அக்கா அந்த இடத்தில் கையெழுத்து வைப்பா. கட்சிக்காரரின் ரகசியம் காப்பது என் கடமை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் படிவத்தில் அக்காவும் என் கட்சிக்காரி என்பதை வசதியாக மறந்துவிட்டேன்.

சூசையண்ணை பஸ் நிலையத்தில் நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். அடக்கத்துக்குப் பேசப் போன இடத்தில் பாதிரியார் பதிவைப் பார்த்துவிட்டு, இவர் எங்கள் சபையில் இல்லையே என்றிருக்கிறார். அக்கா நம்பவில்லை. பதிவில் பிழை என்று பாதிரியாரோடு வாதாடிவிட்டு, வரி பிடித்ததற்கு அத்தாட்சி கேட்டு நேரே என்னிடம் ஓடிவந்தா. நான் அவர்களுடைய படிவக் கோவையைத் திறந்து, அண்ணையின் பெயருக்குக் கீழே வெறுமையான இடத்தைக் காட்டினேன். அக்கா எழுந்து போனா. தேவாலயத்தில் பூசை இல்லை. பாதிரியார் இரங்கி, மயானத்தில் ஒரு சின்னச் செபம் மட்டும் சொன்னார்.

ஒரு மாதம் கழித்து, அந்த வருடப் படிவத்துக்கு அக்கா தன் சம்பளச் சான்றிதழோடு வந்தா. புள்ளடி போட்ட இடத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தைத் தரச்சொன்னா. ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து அர்த்தம் கேட்டா. எல்லாம் முடிய ஒரு மணிநேரம் ஆனது. கையெழுத்து வைத்துவிட்டுப் பேனையை மூடினா.

“அவர் போயிட்டார், அவரிட்டக் கேக்க ஏலாது. நீர் இருக்கிறீர். ஒன்பது வருசமா என்ர முகத்தைப் பாத்துக் கதைக்க உமக்கு எப்பிடி ஏலுமா இருந்தது?”

அந்த வருடம் அவவின் தேவாலய வரியைச் சதம் பிசகாமல் கழித்துக் கொடுத்தேன், என் தொழிலில் நேர்மை என்று சொல்வது அதைத்தான்.